கைத்திறன் நன்றாக இருந்தால் சொந்த ஹெலிகாப்டர் ஓட்டுவதில் ஆபத்து இல்லைதானே?

இல்லை. திறமையும் பாதுகாப்பும் ஒன்றல்ல.

காலின் மெக்ரே 1995-இல் உலக ராலி கார் சாம்பியன். கண்ணும் கையும் அவருக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லவே வேண்டாம். 2007 செப்டம்பர் 15 அன்று ஸ்காட்லாந்தில் லானர்க் அருகே, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் விழுந்தது. அவரும் அவருடைய ஐந்து வயது மகனும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். அவருடைய விமானி உரிமம் 2005-லேயே காலாவதியாகியிருந்தது. தேவையே இல்லாமல் தாழப் பறந்ததை விசாரணை கண்டித்தது. அந்தக் குழந்தையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

தாழப் பறந்தால் பிழையைத் திருத்த உயரமும் இல்லை, நேரமும் இல்லை. பலர் பயிற்சி பெறும் ராபின்சன் ஆர்22 என்ற சிறிய ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுழல் இறக்கைகள் மிக இலேசானவை. எஞ்சின் நின்றால் ஒன்றிரண்டு நொடிக்குள் இடக்கை நெம்புகோலைக் கீழே இறக்க வேண்டும். தாமதித்தால் சுழற்சி தளர்ந்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. அமெரிக்காவில் 1995-இல் ஆர்22, அதே நிறுவனத்தின் ஆர்44 இரண்டுக்கும் தனிப் பயிற்சி விதியே கொண்டுவந்தார்கள்.

வானிலையும் அப்படித்தான். மேகத்துக்குள் அடிவானம் மறைந்தால், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாதவருக்கு எது மேல், எது கீழ் என்றே குழம்பிவிடும்.

என்னை ஒருவர் பறக்க அழைத்தால், எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். வானிலை மோசமாகி வயல்வெளியில் இறக்கிவிட்டு டாக்சியில் வீடு திரும்பியிருக்கிறாரா என்பதே என் முதல் கேள்வி.