பதினைந்து பேர் பார்க்கும் பெத்தாங்க்

கேள்வி: எங்கள் சங்கத்து பெத்தாங்க் போட்டிகளை ஞாயிறு காலையில் யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறோம். ஆறு மாதமாகியும் பதினைந்து பேருக்கு மேல் பார்ப்பதில்லை. நல்ல கேமரா வாங்கலாமா, விளம்பரத்துக்குப் பணம் போடலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். தெரியாதவர்களுக்கு: பெத்தாங்க் என்பது இரும்புக் குண்டுகளை வீசி, ஒரு சின்ன மரக்குண்டுக்கு நெருக்கமாக நிறுத்தும் பிரெஞ்சு ஆட்டம். உங்கள் நேரலையில் இரண்டு ஆட்டங்களை முழுதாகப் பார்த்தேன். வீசுபவரின் முதுகு தெரிகிறது; குண்டு எங்கே போய் நின்றது என்பது தெரியவில்லை. பெத்தாங்கில் ஆட்டமே அந்தச் சின்ன மரக்குண்டைச் சுற்றியுள்ள இரண்டு முழ மண்ணில்தான் நடக்கிறது. மரக்குண்டின் குறுக்களவு 30 மில்லிமீட்டர். ஆறு முதல் பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் அதைப் பின்னாலிருந்து எடுத்தால் யாருக்கு என்ன புரியும்?

தொடங்கிய புதிதில் நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். ஒருநாள் பழைய செல்போனை மூங்கில் கழியில் கட்டி, மரக்குண்டுக்கு மேலே நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். ஆட்டம் 12-12. பதின்மூன்றாவது புள்ளி யாருக்கோ அவருக்கே வெற்றி. இரண்டு இரும்புக் குண்டுகள், கண்ணுக்கு ஒரே தூரம். நடுவர் மண்டியிட்டு டேப்பை நீட்டினார். திரை முழுக்க அவர் விரல், டேப், மண். அதுவரை வாயே திறக்காதவர்கள்கூட 'இடது பக்கக் குண்டுதான்', 'இல்லவே இல்லை' என்று கமெண்ட்டில் மல்லுக்கு நின்றார்கள். அந்தக் கழியை இன்றும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது வர்ணனை. ஆட்டம் தெரிந்த ஒருவரை மைக் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் குண்டு நெருக்கமாக இருக்கிறது, யாரிடம் எத்தனை குண்டு மிச்சம், இந்த இரண்டையும் விடாமல் சொன்னாலே போதும். தூரத்தில் இருக்கும் அணிதான் அடுத்து வீச வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லுங்கள். புதிதாக வந்தவர் அது தெரியாமல்தான் எழுந்து போகிறார்.

அப்புறம் நேரம். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பாரிஸைச் சுற்றி இருக்கிறார்கள். ஆட்டமும் அவர்களுக்குப் புதிதல்ல. நீங்களோ காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறீர்கள். அங்கே கோடையில் அது விடியற்காலை மூன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை! இறுதி ஆட்டத்தையாவது மாலை நாலரைக்கு வையுங்கள். அங்கே மதியம் ஒரு மணி, குளிர்காலமானால் பன்னிரண்டு. ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் குடும்பமே கூடியிருக்கும். அறிவிப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் போடுங்கள்.

எதிரணிக் குண்டை அடித்துத் தள்ளிவிட்டு, தன் குண்டு அதே இடத்தில் நிற்கிற அடி ஒன்று விழுந்தால், அதை மட்டும் அரை நிமிடம் வெட்டி அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புங்கள். ஆடியவரின் அத்தையும் மாமாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் தெரு கேரம் போட்டியை முதல்முறையாக நேரலையாகக் காட்டப்போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: செல்போனை போர்டுக்கு நேர் மேலே கட்டுங்கள், நாலு பாக்கெட்டும் தெரிய வேண்டும். விளக்கு போனுக்குப் பின்னால் இருந்தால் போனின் நிழல் சிவப்புக் காயின் மேலேயே விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். யூடியூபில் முதல்முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முந்தைய நாள் காலையிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.