நாலாம் வருடம் வீணா?

கேள்வி: டீச்சர், நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவி. முதல் வருடப் பெறுபேறு (ஜி.பி.ஏ.) நாலுக்கு 3.8 ஐத் தாண்டி வந்திருக்கிறது. புவியியலில் சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அப்பா வயல் செய்கிறவர். தம்பி அடுத்த வருடம் ஏ.எல். எடுக்கிறான். "மூன்று வருடத்தில் முடித்துக்கொண்டு வா மகள்" என்கிறார் அப்பா. என் மச்சாள் ஸ்பெஷல், அதாவது நாலு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தவள், இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவளுக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் ஜெனரல், மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்தவர். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். "நாலாம் வருடம் வீண், நீ கெட்டிக்காரி, எதைப் படித்தாலும் முன்னுக்கு வருவாய்" என்கிறாள். நான் என்ன செய்ய?
மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், உங்கள் மச்சாள் சொன்னது பொய்யில்லை. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்த பட்டதாரிகளுக்குள் ஸ்பெஷல் முடித்தவர்களும் இருந்தார்கள், ஜெனரல் முடித்தவர்களும் இருந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அங்கே இருந்ததால் நானும் இரண்டு மூன்று தரம் போனேன். வெயில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் அடித்தது. அரசாங்க வேலைக்காக மட்டும் என்றால் மேலதிகமாக இன்னொரு வருடம் படிக்க அவசியமில்லை. நிர்வாக சேவைப் பரீட்சைக்குக்கூட அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்று இருந்தால் சரி.

ஆனால் உங்கள் மச்சாள் ஒரு மேசையை வைத்து அளக்கிறாள். வேறு மேசைகளும் இருக்கின்றன. பொதுப் பட்டம் 90 கிரெடிட், இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 5 ஆம் மட்டம். சிறப்புப் பட்டம் 120 கிரெடிட், 6 ஆம் மட்டம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வர வேண்டுமானால் சிறப்புப் பட்டமும் அதில் நல்ல வகுப்புச் சித்தியும் கேட்பார்கள். எம்.பில். என்கிற ஆய்வுப் பட்டத்துக்குப் போகவும் அதுதான் நேர் வழி. பொதுப் பட்டத்தோடும் போகலாம், ஆனால் இடையில் இன்னொரு படிப்பைப் படித்துச் சுற்றித்தான் போக வேண்டும். இன்றைக்கு மிச்சம் பிடித்த ஒரு வருடத்தை அப்புறம் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கடதாசிக் கணக்கு. எனக்கு நாலாம் வருடம் தந்தது வேறு.

நானும் வந்தாறுமூலையில், உங்கள் பல்கலைக்கழகத்தில்தான், புவியியல் ஸ்பெஷல் செய்தேன். 2006 இல் இறுதி வருடம். சுனாமி வந்து ஒன்றரை வருடம் கழிந்திருந்தது. கல்லடியிலிருந்து நாவலடி வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில், கடல் புகுந்து உப்பேறிய 14 கிணறுகளை ஆய்வேட்டுக்காக எடுத்து, இரண்டு கிழமைக்கொரு தரம் உப்பு அளந்தேன். தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பை அளக்கிற கருவி துறையில் ஒன்றே ஒன்றுதான், முறை வைத்துத்தான் கிடைக்கும். யுத்த காலம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து, இது தண்ணீர் அளக்கிற சாமான் என்று ஒவ்வொரு தரமும் விளங்கப்படுத்த வேண்டும். ஒரு ஆச்சி, நான் வாளியை இறக்கும்போதெல்லாம் கிணற்றுக் கட்டில் வந்து சாய்ந்துகொண்டு கேட்பா: "எப்ப புள்ள குடிக்கலாம்?" எனக்குப் பதில் தெரியாது.

மாரி மழை விழுந்த பிறகு உப்பு இறங்கத் தொடங்கியது. 13 கிணற்றில் இறங்கியது, ஒன்றில் இறங்கவில்லை. நான் அதை அளவில் பிழை என்று எழுதி அத்தியாயத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். என் மேற்பார்வையாளர் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, ஓரத்தில் "ஏன் இது மட்டும்?" என்று எழுதித் திருப்பித் தந்தார். திரும்பப் போய்க் கேட்டேன். அந்த வீட்டுக்காரர் கிணற்றைத் துப்பரவாக்குகிறேன் என்று மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மணல் திட்டில் மழைத் தண்ணீர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கும். மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது ஏறி வரும். நல்லது செய்கிறேன் என்று அந்த மனிசன் உப்பைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். ஆச்சியிடமும், இறைக்காமல் இன்னொரு மாரி பாருங்கள் என்று சொன்னேன்.

மகள், அதுவரைக்கும் நான் குறிப்பை மனப்பாடம் செய்து ஏ எடுத்த பிள்ளை. நீங்களும் அப்படித்தான் 3.8 எடுத்திருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நம் பரீட்சைகள் அப்படி. தெரியாத ஒன்றைத் தேடிப் போய்ப் பிடிக்கிற பழக்கம் எனக்கு அந்த ஒரு வருடத்தில்தான் வந்தது. இன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி கேட்டால் எனக்குப் பயமில்லை.

ஆனால் இது எல்லாருக்கும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். என்னோடு படித்த ஒருத்தி வேறு ஒரு பாடத்தில் ஸ்பெஷல் செய்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் ஆய்வேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. அவளும் பழைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்து ஊரின் பெயரை மட்டும் மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டாள். சான்றிதழில் அவளுடையதும் சிறப்புப் பட்டம்தான். அப்படியான நாலாம் வருடம் என்றால் அப்பா சொல்வதுதான் சரி, மூன்றில் முடித்துவிட்டு வாருங்கள்.

அதனால் விண்ணப்பத்தை நிரப்ப முதல் நூலகத்துக்குப் போங்கள். உங்கள் துறையில் அண்மையில் வந்த ஆய்வேடுகள் நாலைந்தை எடுத்து வாசியுங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வி கேட்கிறதா, இல்லை ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். இறுதி வருட அக்காமாரிடம், "சேர் எத்தனை தரம் திருத்தித் தந்தார்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை நான் 3.8 ஐ விடப் பெரிதாக எடுப்பேன்.

அப்பாவின் கவலை நியாயமானது. நாலு வருடம் என்பது சில நேரம் ஐந்தாக இழுபடும், அதை அவரிடம் மறைக்காதீர்கள். மகாபொல உதவிப்பணம் நாலாம் வருடத்துக்கும் வருமா என்று மாணவர் நலன்புரிப் பிரிவில் கேட்டு, விடுதிச் செலவு, பஸ் காசு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். "எனக்கு ஆசை" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தம்பியின் முகம்தான் தெரியும். வயல் செய்கிறவருக்குக் கணக்கு நன்றாக விளங்கும்.

வயல் வெட்டு முடிந்து அவருக்கு ஓய்வு கிடைக்கிற ஒரு நாளில் வந்தாறுமூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துறைத் தலைவரோடு பேச வையுங்கள். என் அப்பாவும் அப்படி ஒரு நாள் வந்து, வேட்டியோடு அந்த வாங்கில் அரை மணித்தியாலம் காத்திருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவேயில்லை. வரும் வழியில் பஸ்ஸில், "சரி, படி" என்றார்.