இன்ஜின் நின்றால் என் மகள் கதி என்ன என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. நடுவானில் இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடாதா?

விழாது, பைலட் உடனே செயல்பட்டால். இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலைச் சட்டென்று கீழே இறக்க வேண்டும். ஹெலிகாப்டர் இறங்க இறங்க, கீழிருந்து வரும் காற்றே மேலே உள்ள ரோட்டாரை, அதாவது பெரிய சுழல் இறக்கைகளை, காற்றாடி மாதிரி சுழற்றிக்கொண்டிருக்கும். இதைத்தான் ஆட்டோரொட்டேஷன் என்கிறார்கள். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசி சில அடிகளில் கலெக்டிவை மேலே இழுத்தால், ரோட்டாரில் மிச்சமிருக்கும் சுழற்சி ஹெலிகாப்டரை மெதுவாகத் தரையில் இறக்கிவிடும். ஓடுபாதைகூட வேண்டாம், தடையில்லாத ஒரு மைதானம் போதும்.

ஆனால் அந்த 'சட்டென்று' ரொம்ப முக்கியம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் ராபின்சன் ஆர்22 இரண்டு பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர். ரோட்டார் எடை குறைவு. ஓரிரு நொடி தாமதித்தாலே சுழற்சி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில் 1995-ல் இதற்கென்றே தனி விதி வந்தது. புதிதாகக் கற்பவர் ஆர்22-ல் தனியாகப் பறப்பதற்கு முன், இன்ஸ்ட்ரக்டருடன் 20 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது இன்ஜின் நின்றால் தப்பிக்க அவகாசம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. இன்ஜின் நிஜமாகவே நிற்பது அரிது. நின்றால் என்ன செய்வது என்று பழகும்போது நடக்கும் விபத்துகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. பயிற்சி விபத்துகளில் கணிசமானவை இப்படி நடப்பவை என்று ராபின்சன் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. தரையிலிருந்து 100 அடிக்கு வருவதற்குள் ரோட்டார் சுழற்சி, வேகம், இறங்கும் விகிதம் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உடனே, பயிற்சியில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் சக்தியைக் கூட்டி மேலேறிவிட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் வழி. ஆகவே பயிற்சிப் பள்ளிக்குப் போனால் கட்டணத்தைப் பிறகு கேளுங்கள். 100 அடியில் சரியில்லை என்றால் உங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள் என்ன செய்வார்கள், ஆட்டோரொட்டேஷன் கற்றுத்தருபவருக்கு அந்த மாடலில் எவ்வளவு அனுபவம் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பள்ளி பாருங்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 தகுதி கட்டாயம். பல லட்சம் கட்டிய பிறகு அதில் தடை வந்தால் தாங்க முடியாது.

செலவுதான் பிரச்சினை என்றால் கடற்படை வழியையும் மகளோடு பேசுங்கள். கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்கு நம் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானதளத்தில்தான் பயிற்சி. 2024 ஜூனில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டாக அங்கேதான் பயிற்சி முடித்தார்.