பான் ஜோவி இனி பாடணுமா?

அன்புள்ள அண்ணே,

எனக்கு ஊரு கருங்கல் பக்கம், வேலை குவைத்துல. நீங்க பாட்டு பத்தி எழுதுறதை விடாம படிக்கேன். இப்ப எழுதுறது ஒரு பஞ்சாயத்துக்கு. எங்க காலேஜ் செட்டுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு, 14 பேரு, எல்லாவனும் நாப்பது தாண்டியாச்சு, ஹாஸ்டல்ல ஒரே டேப்ரெக்கார்டரைச் சுத்தி இருந்து பான் ஜோவிங்கிற அமெரிக்க ராக் பேண்டைக் கேட்டவனுவ. போன வாரம் ஒருத்தன் 2024ல வந்த 'ஃபாரெவர்' ஆல்பத்தை குரூப்புல போட்டான், அண்ணைக்குத் தொடங்கின அடி இன்னும் ஓயல்ல. ஒருத்தன் சொல்லுகான் பேண்டுல பாடுத ஜான் பான் ஜோவிக்கு குரலு போச்சு, கம்ப்யூட்டர்ல ஒட்டவச்சு ஒப்பேத்தியிருக்கானுவ, மரியாதையா வீட்டுல இருக்கச் சொல்லுங்கலேன்னு. இன்னொருத்தன் தொண்டை ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாடுத மனுசனைப் போயி இப்படிப் பேசலாமான்னு அவன்மேல சாடுதான். நடுவுல ஜூடாஸ் ப்ரீஸ்ட்ங்கிற ஹெவி மெட்டல் பேண்டோட ரசிகன் ஒருத்தன், எங்க பாட்டுக்காரர் ராப் ஹால்ஃபோர்டு அதே வருஷம் 72 வயசுல ஆல்பம் போட்டாரு, கூரை பிய்யுத மாதிரி கத்துதாரு, உங்காளுக்கு அப்ப 62 தானன்னு எண்ணெய ஊத்திட்டுப் போயிட்டான்.

நான் 2022 டூர் வீடியோ ஒண்ணு பாத்தேன் அண்ணே. பாதியில போனைக் கமத்திப் போட்டுட்டேன், பாக்க முடியல்ல. உங்கட்ட கேக்குறது ஒண்ணுதான், இந்த மாதிரி ஆளுங்க நல்ல பேரோட நிறுத்திக்கிட வேண்டாமா?

* * *

அன்புள்ள தம்பி,

பஞ்சாயத்துக்குப் போறவன் ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கணும்கிறது தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் வாறேன். முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், உங்க குரூப்புல ரெண்டு தொண்டையைப் போட்டு ஒண்ணாக் கொழப்பி அடிச்சுக்கிட்டு கெடக்கிய. நீங்க வீடியோவுல பாத்தது 2022 ஏப்ரல் டூரு. அதுக்குப் பொறவு அதே வருஷம் ஆபரேஷன். 'ஃபாரெவர்' அதுக்கும் பொறவு பாடினது. அந்த ஏப்ரல் கடைசியில நாஷ்வில் ஷோ முடிஞ்சு மனுசன் நல்லாத்தான் பாடிட்டோம்னு நெனச்சு எறங்கி வாறாரு, வீட்டுக்காரி டோரத்தியா நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்க. இது நான் கேள்விப்பட்ட புரளி இல்ல, 2024ல வந்த அவங்க டாக்குமெண்டரியிலயே வருது. ஊரெல்லாம் கைதட்டும்போ வீட்டுல ஒரு ஆளு இப்படிச் சொல்லக் கிடைக்கிறதுக்கு ஒரு யோகம் வேணும், நம்ம ஊரு பாட்டுக்காரங்க எத்தனை பேருக்கு அது வாய்ச்சிருக்குன்னு தெரியல்ல, சரி அது கெடக்கட்டும்.

தொண்டை சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் நேரடியாவே தெரியும். நான் 26 வருஷம் பள்ளிக்கூடத்துல கத்தின ஆளு. அஞ்சு வருஷம் முன்னாடி சாயங்காலமானா குரலு தேஞ்சு போயி வெறும் காத்தா வர ஆரம்பிச்சிச்சு, நாகர்கோவில்ல ஒரு தொண்டை டாக்டர்ட்ட போனேன். அவரு மூக்கு வழியா நூலு மாதிரி ஒரு கேமராவை எறக்கி, "ஈ...ன்னு சொல்லுங்க சாரே"ன்னாரு. நானும் கண்ணுல தண்ணி வழிய ஈ...ன்னு இழுத்தேன், திரையில பாத்தா வெள்ளையா ரெண்டு நாடா, அதான் குரல்நாண், மூச்சு விட்டா ஆவன்னு தெறக்குது, ஈ சொன்னா வந்து ஒட்டுது. ஒட்டணும். எனக்கு நடுவுல சரியா ஒரு நெல்லுமணி வடிவத்துல இடைவெளி கெடந்துச்சு. டாக்டரு திரையில விரலை வச்சு, உள்ள தசை மெலிஞ்சிட்டு, அதான் நடுவுல வளைஞ்சு நிக்கி, இந்த வழியாத்தான் காத்து லீக்காவுதுன்னாரு. ஆம்பளை சாதாரணமா பேசும்போதே இந்த ரெண்டு நாடாவும் செகண்டுக்கு 100 தடவைக்கு மேல ஒண்ணோடொண்ணு அடிக்கி, மேல் ஸ்தாயிக்குப் போனா 400, 500ன்னு ஏறும். ஒழுங்கா ஒட்டாத ரெண்டை வச்சு 500 தடவை அடிக்கச் சொன்னா என்ன ஆவும், நீங்க போனைக் கமத்துவிய.

ஜோவிக்கு நடந்தது இதைவிட மோசம். ஒரு நாண் திடமா இருக்கு, மத்தது மெலிஞ்சு போச்சு. ஒண்ணு கட்டைவிரல் மாதிரி, ஒண்ணு சுண்டுவிரல் மாதிரின்னு அவரே பேட்டியில சொன்னாரு. அதுக்குச் செய்யிற ஆபரேஷன் என்னன்னா, தொண்டை முன்னால இருக்க குருத்தெலும்புல சின்னதா ஒரு சன்னல் வெட்டி, அது வழியா ஒரு துண்டைச் செருகி, மெலிஞ்ச நாணை நடுவுக்குத் தள்ளி நிறுத்துறது. பல நேரம் ஆளை முழுசா மயக்காமலே செய்வாங்க, பேசச் சொல்லி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் துண்டை எங்க நிறுத்தணும்னு பாப்பாங்க, தம்புராவுக்கு சுருதி சேக்குற கணக்கா. அப்படி ஒட்டவச்ச தொண்டையில ஒரு முழு ஆல்பம், 12 பாட்டு. கம்ப்யூட்டர்ல திருத்தியிருப்பாங்களான்னா திருத்தியிருக்கலாம், இண்ணைக்கு இருபது வயசுப் பிள்ளையள் பாடினாலும்தான் திருத்துறாங்க, அதை வச்சு இந்த ஒரு கெழவனை மட்டும் புடிச்சு அடிக்கிறது நியாயமில்ல.

ஹால்ஃபோர்டு கதையைக் கொண்டுவந்த சங்ஙாதிக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல போயிப் பாக்கட்டும், ஒரே வருஷம் வச்ச ரெண்டு மரம், ஒண்ணு சிரட்டை நிறைய பால் தரும், பக்கத்துல நிக்கது வெட்டினா ஒரு சொட்டு வராது, பட்டை செத்துப் போச்சும்பாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டணும்னு கணக்கு, வெல ஏறின சமயம் ஆசைப்பட்டு தெனமும் வெட்டினா அப்படி ஆயிரும். பான் ஜோவி 1988 கடைசியில கெளம்பின டூரு 1990 வரைக்கும் போச்சு, 200க்கும் மேல ஷோ, அதுக்கு முன்னாடி 'ஸ்லிப்பரி வென் வெட்' ஆல்பத்துக்கு உலகம் பூரா சுத்தினது தனி. தெனமும் பால் வெட்டு! அதுலயும் ஜோவி எப்பவும் நெஞ்சுலேர்ந்து எக்கிப் பாடுற ஆளு, ஹால்ஃபோர்டு அந்தக் கீச்சுக் கத்தலைத் தலைக்குரல்ல வச்சிருக்காரு. மரமும் வேற, வெட்டும் வேற, வயசை மட்டும் கூட்டிக் கழிச்சு என்னத்துக்கு.

அப்ப பிரச்சினையே இல்லியான்னா இருக்கு. அது தொண்டையில இல்ல, எழுத்துல. 'லிவின் ஆன் எ ப்ரேயர்' கடைசியில பல்லவி திடீர்னு ஒரு படி தூக்கிப் போவும்லா, ஹாஸ்டல்ல நாமளும் கழுத்து நரம்பு பொடைக்கக் கத்தியிருக்கோம், அந்தத் தூக்கலு 1986ல 24 வயசுப் பையன் தன் தொண்டைக்குன்னு அளவெடுத்து தச்சது. அவராலயே பொறவு அதைப் பழையபடி போட முடியல்ல, சுருதியை எறக்கி வச்சும் அந்த இடத்துல மைக்கை ஜனங்க பக்கம் நீட்டினாரு. அதை ஏமாத்துன்னு சொல்லுகவன் வில்லுப்பாட்டு கேக்காதவன்.

நான் சர்ச்சுக்குப் போற ஆளு, ஆனா எங்க ஊரு அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு கேக்கப் போவாம இருந்ததில்ல. எப்பவும் வாற புலவருக்கு இப்ப எழுபது தாண்டியாச்சு. ஒரு காலத்துல குடியழைப்பு நேரத்துல, அதாவது சாமியை எறங்கி வரச்சொல்லிக் கூப்பிடும்போ, அவரு எடுக்குற எடுப்புக்கு தென்னந்தோப்பைத் தாண்டி ரோட்டுல போற பஸ்ஸுக்குள்ள கேக்கும். போன ஆடியில பாத்தேன், உடுக்கும் குடமும் ஏறி ஏறி வருது, உச்சத்துக்குப் போவ வேண்டிய அடி வருது, மனுசன் வாயைத் தெறக்கல்ல, வில்லடிக்கிற வீசுகோலை வில்லுமேல ஒரு போடு போட்டாரு, மணியெல்லாம் குலுங்கிச்சு, அடியை வலத்தே இருந்த பையன் எடுத்துட்டுப் போயிட்டான். அடுத்த அடிக்கு இவரு கீழ, ரொம்பக் கீழ, பக்கத்துல இருக்கவன்ட்ட ரகசியம் சொல்லுத மாதிரி அம்மன் பேரைச் சொன்னாரு. முன்வரிசையில இருந்த பொம்பளைய ஒருத்தி அசையல்ல, வெத்தில மென்னுக்கிட்டிருந்த ஒரு கெழவி வாய நிறுத்திட்டா, அந்தக் கீழ்க்குரலுக்குத்தான் சாமியாடுற கோமரத்தாடி எழும்பினாரு. பழைய எடுப்புக்கே எழும்பியிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு 'ஃபாரெவர்' கேளுங்க. 'லிவிங் ப்ரூஃப்'புல பழையபடி அந்த டாக் பாக்ஸ், வாயில குழாயை வச்சு கிடாரைப் பேச வைப்பாங்கல்லா அது, அதையெல்லாம் எடுத்துட்டு வந்து 1986 சட்டையை மாட்டப் பாக்காரு, பொத்தான் போடல்ல. 'லெஜண்டரி'யும் ஏறத்தாழ அதே ஜாதிதான், மோசம்னு சொல்லமாட்டேன், ஸ்டேடியத்துல கை தூக்க ஆவும். ஆனா மக கல்யாணத்துக்கு எழுதின 'கிஸ் தி ப்ரைடு', அப்புறம் கடைசியில வாற 'ஹாலோ மேன்', இது ரெண்டுலயும் குரல்ல கெடக்குற அந்தச் சொரசொரப்பு இல்லன்னா பாட்டே இல்ல. கல்யாணத்துக்கு மகளைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போற அப்பன் மழமழன்னு பாடினா நல்லாவா இருக்கும்? 12ல இந்த மாதிரி ஒரு ஏழெட்டு எழுதியிருந்தா உங்க குரூப்புல சண்டையே வந்திருக்காது. எனக்கு அவர்மேல உள்ள கோவம் அது ஒண்ணுதான்.

நம்ம பக்கத்துல ஏ.ஆர். ரஹ்மான் இதைச் சரியாச் செஞ்சாரு. 2010 செம்மொழி மாநாட்டுப் பாட்டுல டி.எம்.எஸ். குரலு வரும், ஞாபகம் இருக்கா, அப்ப அவருக்கு எண்பதுக்கும் மேல. முருகன் பாட்டுல கணீர்னு வாற டி.எம்.எஸ்.ஸை அங்க தேடினா கிடைக்காது. திருக்குறள் அடியை வச்சு, தொண்டை எது வரைக்கும் போவுமோ அது வரைக்கும் மட்டும் போற மாதிரி ஒரு இடத்தை அவருக்குக் குடுத்து நிறுத்தியிருப்பாரு. அதைக் கேட்டுட்டு ஐயோ வயசாச்சேன்னு ஒருத்தரும் சொன்னதா நான் கேக்கல்ல.

நிறுத்திக்கிட வேண்டாமான்னு கேட்டிய. எனக்கு நடந்ததைச் சொல்லுதேன். சர்ச் கொயர்ல நான் பதினேழு வயசுலேர்ந்து டெனர், ஆம்பளைங்கள்ல மேல்குரல் பாடுற கூட்டம். அந்தத் தொண்டை டாக்டரைப் பாத்துட்டு வந்த வருஷம், கிறிஸ்மஸ் கேரல் ப்ராக்டிஸுக்குப் போனா என் நாற்காலியில பேஸ், அதாவது கீழ்க்குரல்காரங்க நோட்டு கெடக்கு, டோ ரே மீ எழுத்துல வாற டோனிக் சோல்ஃபாவுல கையால எழுதினது, மேல என் பேரு. கொயர் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசல்ல, ஆர்கனுக்குப் பக்கத்துல நிண்ணு கண்ணாடியத் தொடைக்காரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டை எடுத்து அவர் மூஞ்சியில எறிஞ்சிருப்பேன், சர்ச்சாப் போச்சு. ரெண்டு ப்ராக்டிஸுக்குப் போவல்ல. மூணாவதுக்குப் போயி பின்வரிசையில பேஸ்காரங்களோட இருந்தேன், பேஸ்னா ஒரே சுரத்துல உருண்டுக்கிட்டே இருக்கணும்னு ஒரு எளக்காரம் எனக்கு எப்பவும் உண்டு, ஆனா முப்பது வருஷமா பாடின அதே கேரல்ல கீழ இப்படி ஒரு நடை ஓடிக்கிட்டு இருந்ததை அண்ணைக்குத்தான் கேட்டேன். இப்பமும் டெனர்காரங்க உச்சத்துக்குப் போவும்போ எனக்கு வாய் தன்னால தெறக்கும், பக்கத்துல இருக்கவரு முழங்கையால இடிப்பாரு.

அதனால நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. சீட்டை மாத்தி இருக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

உங்க குரூப்புக்கு ஒரு காரியம் பண்ணுங்க. அந்த 'ஹாலோ மேன்' பாட்டை மட்டும் தனியா எடுத்து, பேரு, அட்டைப்படம் ஒண்ணும் இல்லாம, ராத்திரி பத்து மணிக்கு மேல போட்டு விடுங்க. போன் ஸ்பீக்கர்ல கேக்காதிய, காதுல மாட்டிக் கேளுங்கலேன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க. அந்த ப்ரீஸ்ட் ரசிகன் மொதல்ல என்ன சொல்லுதான்னு எனக்கு எழுதிப் போடுங்க.

அன்புடன்,
தக்கலையிலேர்ந்து அண்ணன்