கால்சியமும் விற்றமின் டியும் கொடுத்தும் பசு மெலிந்து, விறைத்து நடக்கிறது. ஏதாவது செடி காரணமாக இருக்குமா?

இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த டானிக்கைத்தான்.

நீங்கள் எந்த ஊரென்று எழுதவில்லை. வீட்டோடு ஒன்றிரண்டு மாடு, யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு கால்சியம் போத்தல் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். நான் மிருக வைத்தியர் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து கேட்பார்கள். வன்னியில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை பார்த்தவன். சுவிசுக்கு வந்தபோது அந்தச் சான்றிதழை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சி இல்லாத தொழிலாளி என்று பதிந்துவிட்டார்கள். கிறவுபுண்டன் மாநிலத்தில், கீழ் எங்கடீன் பள்ளத்தாக்கில் ஒரு பால் பண்ணையில் சாணி அள்ளும் வேலை கிடைத்தது. பாடுபட்டு ஜெர்மன் படித்துக்கொண்டு போனால், அங்கே ஆக்கள் வீட்டில் கதைப்பது ரொமான்ஷ் என்ற வேறொரு மொழி!

அந்தப் பண்ணையில் ஒரு பிரவுன் சுவிஸ் பசு, நல்ல கறவை. வசந்தத்தில் மேற்பக்கப் புல்வெளியில் பச்சையாக வெட்டிப் போடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மயிர் சொரசொரத்து, முதுகு வளைந்துவிட்டது. நிற்கும்போது முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றும். மேயவிட்டால் முழங்காலில் நின்று மேயும். முதலாளி குளம்பென்று சொல்லிக் குளம்பை வெட்டினார். வழக்கமாக வரும் வைத்தியர் கனிமக் குறைபாடு என்று கால்சியமும் விற்றமின் டியும் ஏற்றினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்த மாட்டை வன்னியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கன்று போட்ட ஓரிரு நாளில் காது குளிர்ந்து, கழுத்தை விலாவில் மடித்துப்போட்டுத் துவண்டு கிடக்கும். மருந்து ஏற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும். இது துவளவில்லை, விறைத்தது. மருந்து ஏற்றினால் இன்னும் விறைத்தது. தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். சாணி அள்ளுகிறவன் சொல்லி யார் கேட்பது?

பிறகு வைத்தியர் விடுமுறையில் போக, பதிலுக்கு ஓர் இளம் வைத்தியை வந்தார். நான் சொன்னதை அந்தப் பிள்ளை நின்று கேட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கால்சியமும் பொஸ்பரசும் இரண்டுமே மேலே நின்றன. நேரே மேற்பக்கப் புல்வெளிக்குள் இறங்கி நடந்தார். அங்கே பாதிக்குமேல் பொன்மஞ்சள் கதிர் விட்ட புல். ஜெர்மனில் கோல்ட்ஹாஃபர், தாவரவியலில் திரிசேட்டம் ஃபிளாவெசென்ஸ். பவேரியா, ஒஸ்ரியா மலைப்பகுதிகளிலும் மாடுகள் இதே புல்லால் இப்படி வற்றியிருக்கின்றன என்றார். பசுவைக் காப்பாற்ற முடியவில்லை. அறுத்தபோது பெருநாடி என்கிற பெரிய இரத்தக்குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புத் தகடு. கத்தி பட்டபோது கேட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

இதற்காக இந்தப் புல்லை விஷப்புல் என்று பிடுங்கச் சொல்லவில்லை. நல்ல தீவனப் புல்தான், மாடு ஆசையாகத் தின்னும், மலைப் புல்வெளிக்கு அதுதான் அழகு. தீவனத்தில் அதன் பங்கு மிகும்போதுதான் வினை. காய்ந்த புல்லில் வீரியம் குறையும், அடியோடு போகாது. முதலாளி பிறகு அந்த வெளிப் புல்லைக் காயவைத்து வேறு புல்லோடு கலந்துதான் போட்டார்.

இப்படி ஏன் ஆகிறது? விற்றமின் டி உடம்புக்குள் போனவுடன் வேலை செய்யாது. ஈரலில் ஒருமுறை மாறவேண்டும், பிறகு சிறுநீரகத்தில் இன்னொருமுறை. சிறுநீரகம் குளத்துத் துருசு, அதாவது மதகு மாதிரி, கால்சியம் போதுமென்றால் அடைத்துவிடும். இந்தப் புல்லையும் இதுபோன்ற வேறு சில செடிகளையும் தின்றால் அந்தக் காவலே இல்லாமல் போகிறது. அர்ஜென்டினாவில் புவனோஸ் அயர்ஸ் மாகாணத்துச் சலாடோ ஆற்றுத் தாழ்நிலங்களில் சொலானம் கிளாக்கோஃபில்லம் என்றொரு செடி இருக்கிறது, கத்தரிக் குடும்பம். அதன் இலையில் விற்றமின் டியின் கடைசி வடிவமான கால்சிட்ரியோலே சர்க்கரையோடு ஒட்டியபடி இருப்பதை 1970களில் கண்டுபிடித்தார்கள். மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கழற்றிவிட, குடல் அளவில்லாமல் கால்சியத்தையும் பொஸ்பரசையும் உறிஞ்சும். அது போய் நாடி, இதயம், நுரையீரல், சிறுநீரகம், தசைநாண் என்று படியும். அங்கே இந்த நோய்க்கு என்டெகே செகோ என்று பெயர். மாடு அந்தச் செடியைத் தேடிப்போய்த் தின்பதுகூட இல்லை, உதிர்ந்த இலை புல்லோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது.

நீங்கள் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்தால் உங்கள் பக்கம் இந்த இரண்டும் இருக்காது. ஆனால் இதே வேலையைச் செய்யும் செஸ்ட்ரம் டையூர்னம் என்ற செடி இருக்கலாம். நர்சரியில் டே ஜாஸ்மின், வட இந்தியாவில் தின் கா ராஜா. வேலிக்கும் அழகுக்கும் வைப்பார்கள். சின்னக் குழல் மாதிரி வெள்ளைப் பூ, பகலில் மணக்கும், பழம் கறுப்பாகப் பளபளக்கும். நைட் குயின் என்று விற்பது இதன் உறவுச் செடி, அதன் பழம் வெள்ளை. ஃபுளோரிடாவில் குதிரைகள் இப்படிச் சுண்ணாம்பு படிந்து நொண்டியதற்கு இந்த டே ஜாஸ்மின்தான் காரணம் என்று 1975இல் எழுதினார்கள். "அதே இலையைக் கோழிக்குக் கொடுக்கிறார்களே" என்று ஒருவர் வருவார், தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் முட்டைக்கோழித் தீவனத்தில் அதைச் சேர்த்து, ஓடு தடிப்பதைக் காட்டினார்கள்தான், 2004இல். அது நிறுத்துப் போட்ட தூள். உங்கள் மாடு வேலியில் நிறுத்தா தின்னும்?

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். சூரிச்சில் கலியாண வீடுகளில் என் சொந்தச் சித்தப்பா என்னை "ஹோட்டலில் வேலை" என்றுதான் அறிமுகம் செய்வார். மாட்டுப்பண்ணை என்று சொல்ல வெட்கம். அதே மனுசன் வட்ஸ்அப்பில் ஊர்ப் பசும்பாலின் பெருமையைப் பகிராத நாளில்லை. பால் வேணும், மாடு பார்க்கிறவன் மட்டும் கூடாது.

சரி, உங்கள் பசுவுக்கு வருவோம். வைத்தியரிடம் கால்சியத்தோடு பொஸ்பரசும் சேர்த்து இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வரும்வரை டானிக் வேண்டாம். இரண்டும் கூடியிருந்தால் மேய்ச்சல் இடத்தை மாற்றுங்கள். படிந்த சுண்ணாம்பு பெரும்பாலும் கரையாது, மேலும் படியாமல் தடுக்கலாம். எல்லா விறைப்பும் இதுவாகாது, மூட்டு, குளம்பு என்று வேறு ஆயிரம் இருக்கிறது. வேலியில் கறுப்புப் பழச் செடி இருந்தால் பூவும் பழமும் தெரிய ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.