இரவுத் தொலைபேசிக்கு அரச நிதி கிடைக்குமா?

கேள்வி: மனநெருக்கடியில் தவிப்போருக்கு உதவ, எங்கள் சனசமூக நிலையத்தில் ஐந்து பேர் முறைவைத்து இரவில் தொலைபேசியருகே இருக்கிறோம். செலவைக் கைக்காசில் சமாளிக்க இனி முடியாது. அரச நிதி பெற வழியுண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, சகோதரி. முதலில், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பதிவும் கணக்காய்வு செய்த கணக்கும் இல்லாத அமைப்புக்குப் பொதுப்பணம் கிடைப்பது அரிது.

விண்ணப்பத்தில் கட்டடத்திற்கு வர்ணம் பூசும் செலவை முன்னால் வைக்காமல், தொண்டர்களுக்கான உளவளத்துணைப் பயிற்சி, நள்ளிரவில் ஒருவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக் கூலி, தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றையே முதலில் எழுதுங்கள். அழைப்பு வந்த நேரமும் அனுப்பிய இடமும் குறித்த ஒரு கொப்பி, பெயர்கள் இல்லாமல், உங்களுக்காகப் பேசும். அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய நடமாடும் நெருக்கடிச் சேவை, மாநகரப் பணத்திலேயே பல்லாண்டுகள் நடந்ததை உதாரணமாகக் காட்டலாம்.

தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கு குற்றமல்ல என்பதை அழைப்பவரின் குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள்; பொலிஸுக்குப் பயந்து இன்றும் பலர் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிறார்கள். நிதி வரும்வரை, உங்களால் தாங்க இயலாத அழைப்புகளைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திற்குத் திருப்பிவிடுங்கள்.