முப்பது உயிர் கொடுத்தவரின் பெயர்

கேள்வி: சிறுவயதில் விளையாடிய வீடியோ கேம், பார்த்த படம், டிவி நிகழ்ச்சி இவற்றில் எதை நினைத்தால் உங்களுக்கு இன்றும் ஏக்கம் வருகிறது?

யோசிக்கவே வேண்டாம், டிவியில் மாட்டி விளையாடும் 8 பிட் கேம் பெட்டிதான். தொண்ணூறுகளில் வளர்ந்த யாரையும் போல எனக்கும் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை சக்திமான், பள்ளிக்கு ஒளித்துக் கொண்டுபோன மல்யுத்த டிரம்ப் கார்டு எல்லாம் பிடிக்கும். அவற்றைப் பற்றி யாராவது கேட்டால் சந்தோஷமாகப் பேசிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். கேம் பெட்டியை நினைத்தால் மட்டும் மனசு அங்கேயே நின்றுவிடும். அதுவரை டிவி காட்டியதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் நாங்கள் சொன்னதை டிவி கேட்டது.

அப்போது கோவில்பட்டியில் இருந்தோம். முழுப்பரீட்சை லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா, பர்மா பஜாரில் வாங்கியதென்று ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின், இரண்டு ஜாய்ஸ்டிக், கறுப்பாக ஒரு துப்பாக்கி, கொஞ்ச நேரத்தில் தொடமுடியாத அளவுக்குச் சூடாகிவிடும் ஒரு அடாப்டர், மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று போட்டிருந்தது. ஆன்டெனா வயரைப் பிடுங்கி அந்த இடத்தில் கேம் வயரைச் சொருகிவிட்டு, டிவியின் சின்னக் கதவைத் திறந்து அண்ணன் டியூனிங்கைத் திருகிக்கொண்டே இருந்தான். புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்த திரையில் சட்டென்று ஒரு கடற்கரை வந்தது. பறவைகள் பறந்தன. மெதுவாக ஒரு பாட்டு. அதன் மேல் ஆட்டங்களின் பட்டியல்.

பட்டியல் முடிவே இல்லாமல் போகும். உண்மையில் உள்ளே இருப்பது கொஞ்சம் ஆட்டங்கள்தான். கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டமே ஏழெட்டு இடத்தில் வரும். ஒன்றில் நிறைய லைஃப் இருக்கும், இன்னொன்று நேராக வேறு ஸ்டேஜில் தொடங்கும். அதெல்லாம் எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. “இருபத்தேழாவதுல வர்ற கான்ட்ராடா” என்று நம்பரைச் சொல்லித்தான் பேசிக்கொள்வோம்.

இவ்வளவு ஆசையாக விளையாடினோமே, அதைச் செய்தது யாரென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எங்களிடம் இருந்தது ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்ற மெஷினின் நகல். அதன் சிப்புகளைத் தைவானில் நகலெடுத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கறுப்புப் பிசினை ஊற்றி, விதவிதமான பெயர்களில் உலகம் முழுக்க அனுப்பினார்கள். ரஷ்யாவில் அதற்கு டெண்டி என்று பெயர். அசல் விலைக்கு வாங்க வழியில்லாத ஊர்களுக்கெல்லாம் இந்த நகல்தான் போய்ச் சேர்ந்தது, எங்கள் ஊர் உட்பட. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அப்படி நகலெடுத்தபோது முதல் திரையிலிருந்த கம்பெனிப் பெயரையும் பல கேசட்டுகளில் அழித்துவிட்டார்கள். அசலில்கூட ஆட்களின் பெயர் ஒழுங்காக இருக்காது. திறமைசாலிகளை வேறு கம்பெனி இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் அந்தக் காலத்து ஜப்பானியக் கம்பெனிகள் பல, புனைபெயர்தான் போடவிட்டன.

வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். பெயர்கள் தெரியத் தெரிய என் ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதனால் இந்தப் பதிலில் அவர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தக் கடற்கரைப் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது கேசட் செய்தவர்கள் போட்ட மெட்டு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அது 1955இல் அலெக்ஸ் நார்த் இசையமைத்த அன்செயின்ட் மெலடி. ஒரு நாள் பழைய ஆங்கிலப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் இது வந்தது. இரண்டாவது வரியிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உலகம் காதல் பாட்டாகக் கேட்டது, எனக்கு லீவு நாள் காலை.

அப்புறம் மேரியோ. 1985இல் நின்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து உருவாக்கிய ஆட்டம். எங்கள் பெட்டியில் விளக்கப் புத்தகம் கிடையாது, இருந்திருந்தாலும் அந்த வயதில் படித்துப் புரிந்திருக்காது. ஆனால் ஒருவரும் சொல்லித்தராமலே எங்களுக்கு விளையாட வந்தது. எப்படி என்று பின்னாளில் மியாமோட்டோவே விளக்கியதைக் கேட்டபோது அசந்துபோனேன். முதல் திரையில் மேரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போகவேண்டுமென்று கேட்கவே தேவையில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பழுப்பு ஆசாமி எதிரே வருவான், தொட்டால் செத்தோம். மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் காளான் வெளியே வரும். அதுவும் பழுப்பு ஆசாமி மாதிரிதான் இருக்கும், முதல்முறை பார்க்கிற பிள்ளை பயந்து ஓடத்தானே பார்க்கும்? காளான் வலப்பக்கம் போய்க் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வரும். தாண்டிக் குதிக்கலாமென்றால் தலைக்கு மேல் செங்கல் வரிசை, முட்டிக் காளான் மேலேயே விழுவோம். விழுந்ததும் மேரியோ பெரியவனாகிவிடுவான். ஆக, காளான் நல்லது! எங்கோ கியோட்டோவில் உட்கார்ந்து ஒரு மனிதர், தன் பாஷை தெரியாத ஒரு பிள்ளையின் பயத்தையும் கணக்கில் வைத்து அந்தச் செங்கலை அங்கே வைத்திருக்கிறார்.

அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க, வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வடிவம்தான், நிறம் மட்டும் வேறு. இதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படவில்லை. அதன் இசை கோஜி கோண்டோ என்பவருடையது. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான்.

கான்ட்ராவுக்கு வருகிறேன். வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் கான்ட்ரா தெரியாமல் இருக்கமுடியாது. கோனாமி கம்பெனி 1988இல் இந்த மெஷினுக்குக் கொண்டுவந்த ஆட்டம். தலைக்கு மூன்று லைஃப், ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு. அண்ணனின் சிநேகிதன் ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மந்திரம் எழுதித் தந்தான்: மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. இரண்டு பேர் ஆடவேண்டுமென்றால் செலக்ட் தட்டிவிட்டு ஸ்டார்ட். லைஃப் முப்பதாகிவிடும்.

அந்த மந்திரத்தை எழுதியவர் பெயர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற விமானச் சண்டை ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலையில் இருந்தார். ஆட்டம் அவருக்கே கஷ்டமாக இருந்தது. சோதித்துப் பார்க்க வசதியாக, தனக்கு மறக்காத ஒரு வரிசையை உள்ளே வைத்தார். அதை நீக்காமலே ஆட்டம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் கோனாமி தன் மற்ற ஆட்டங்களிலும் அதை வைக்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார், 61 வயது. செய்தியைப் பார்த்ததும் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். “யாருடா?” என்றான். மேலே மேலே கீழே கீழே என்று ஆரம்பித்தேன், மீதியை அவன் சொல்லி முடித்தான்.

முப்பது லைஃப் இருந்தும் நாங்கள் சண்டை போட்ட இடம் மூன்றாவது ஸ்டேஜ், அருவி. மற்ற பல இடங்களில் பக்கவாட்டில் ஓடவேண்டும், இங்கே பாறை பாறையாக மேலே ஏறவேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் கூடவே மேலே போகும். கீழே நிற்பவன் திரையின் அடிவிளிம்பில் சிக்கிச் செத்துப்போவான். அதாவது, நன்றாக விளையாடுகிறவன் அவசரப்பட்டால் கூட வருபவன் காலி. அண்ணன் முதலில் என்னை விட்டுவிட்டு ஏறிக்கொண்டே இருந்தான், நான் கத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் அவனாகவே ஒரு பாறையில் நின்று, சுட்டுக்கொண்டே, “வா, இப்ப வா” என்றான். அன்றிலிருந்து அருவியில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

மெஷினில் சேவ் கிடையாது. மேரியோவில் நாலு உலகம் தாண்டி நிற்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், ஸ்டார்ட் அழுத்தி நிறுத்திவிட்டு டிவியை மட்டும் அணைப்போம். சத்தம் வராததால் மெஷின் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. அடாப்டர் சூட்டை மட்டும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வோம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எங்கள் தெருவில் கரண்ட் போகும்போது முதலில் கேட்பது எங்கள் வீட்டுக் கூச்சல்தான்.

துப்பாக்கியையும் சொல்லவேண்டும். வாத்து சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியிலிருந்து எதுவோ பாய்ந்து டிவிக்குப் போகிறது என்று நம்பினோம். நடப்பது நேர் எதிர். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்துப்போகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் வாயில் இருக்கும் ஒளி உணர்வி, முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து பறந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டம் காட்டும். கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சின்ன மினுக்கல்தான் அது. பழைய பிக்சர் டியூப் டிவி சிக்னல் வந்த அந்த நொடியே கோடு கோடாகப் படம் வரைவதால்தான் கணக்கு சரியாக வந்தது. இன்றைய எல்இடி டிவி சற்றுத் தாமதித்துக் காட்டும், அதனால் அந்தத் துப்பாக்கி இதில் வேலை செய்யாது. இன்னொரு விஷயம்: ஒற்றை வாத்து ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் வாத்தைத் திருப்பி ஓட்டலாம். இது தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் ஆட்டமே மாறிவிட்டது.

ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உவெமுரா ஷார்ப் கம்பெனியில் ஒளிமின்கலம் விற்றுக்கொண்டிருந்தவர். அந்தக் கலத்தை வைத்து ஒளித் துப்பாக்கி பொம்மை செய்யும் யோசனையில்தான் நின்டெண்டோவோடு பழக்கமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் கியோட்டோவில் ரிட்சுமைக்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2021 டிசம்பரில் மறைந்தார்.

கடைசியாக ஒன்று. பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கும் சாஃப்ட்வேர், போட்டு விளையாடிப் பார்த்து, “ஏதோ சரியில்லையே, நான் விளையாடியது இப்படி இல்லையே” என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். உங்கள் ஞாபகம் சரிதான். ஜப்பான், அமெரிக்க டிவிகளில் நொடிக்கு 60 படம். நம் நாட்டு டிவிகளின் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில் 50. அதற்கேற்பச் செய்த நகல் பெட்டிகளில் ஆட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. சில எமுலேட்டர்களில் டெண்டி என்றே ஒரு செட்டிங் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து மேரியோவைப் போட்டேன். பாட்டு நிதானமாக, கோவில்பட்டியில் கேட்ட அதே வேகத்தில் வந்தது. அசல் அதுவல்ல என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், எனக்கு அசல் அதுதான்.

மறுபடி விளையாட ஆசைப்படுகிறவர்கள் தனியாக உட்காராதீர்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் ஆட்டத்தில் தொடங்குங்கள். பேட்டில் சிட்டி என்று பெயர், நாம்கோ 1985இல் செய்தது. ஒருவர் கீழே நம் தளமான கழுகுச் சின்னத்தைக் காக்கவேண்டும், மற்றவர் மேலே போய்ச் சண்டை போடவேண்டும். கூட்டாளி மேல் குண்டு பட்டால் கொஞ்ச நேரம் நகரமுடியாமல் நிற்பார், அதனால் பேசிக்கொண்டேதான் ஆடமுடியும். அதில் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, ஸ்டேஜை நாமே கட்டலாம். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். என் மகள் போன வாரம் கழுகைச் சுற்றி ஆறு வெட்டினாள். டேங்க் ஆற்றைத் தாண்டாது, குண்டு தாண்டும் என்பது ஆட்டம் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. இப்போது இரும்புச் சுவர் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள், வாசலை எந்தப் பக்கம் விடுவது என்று என்னிடம் கேட்கிறாள்.